திருப்பிக் கேட்க வேண்டியிராத கேள்வி: என்பிடெல் பாடங்களில் ஆசிரியருக்கு எழுதுவது எப்படி

வகுப்பறையில் கையைத் தூக்கி, "சார், அந்த ரெண்டாவது ஸ்டெப் புரியல" என்றால் போதும். எந்தக் கணக்கு, எந்த ஸ்டெப் என்று யாரும் கேட்கமாட்டார்கள்; எல்லாம் கரும்பலகையில் இருக்கிறது. மாணவரின் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் பாதியைப் புரிந்துகொள்வார். இணையவழிப் பாடத்தில் அந்தக் கரும்பலகையையும் முகத்தையும் கேள்விக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. வைக்காமல் அனுப்பினால், "எந்தக் கேள்வியைச் சொல்கிறீர்கள்?" என்று ஒற்றை வரி பதிலாக வரும். அதற்கு நீங்கள் பதில் எழுதி, அவர்கள் மறுபடி பார்ப்பதற்குள் அசைன்மென்ட் கெடு முடிந்திருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் பாடங்களை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பாடங்களில், இன்று மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் ஏராளமாகச் சேர்கிறார்கள். ஒரே பாடத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பதுண்டு. அந்தக் கூட்டத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்குமா என்பது, படிப்பவர் உங்களிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் பதில் எழுத முடியுமா என்பதைப் பொறுத்தது. கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்.

யார் படிக்கிறார்கள்

வீடியோவில் பேசும் பேராசிரியரே ஒவ்வொரு கேள்வியையும் முதலில் திறப்பார் என்று எண்ண வேண்டாம். டிஏ எனப்படும் உதவியாளர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். இவர்களில் பலர் ஆராய்ச்சி மாணவர்கள். சொந்த ஆய்வகம், சொந்தத் தேர்வு, சொந்த கெடு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. தங்களால் முடிந்ததற்கு அவர்களே பதில் சொல்வார்கள், முடியாததைப் பேராசிரியரிடம் கொண்டுபோவார்கள். ஆகவே பாடத்தை நன்கு அறிந்த, ஆனால் உங்கள் கேள்விக்கு இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிந்த ஒருவருக்காக எழுதுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பல பாடங்கள் மீண்டும் மீண்டும் நடத்தப்படுகின்றன. வீடியோ சில ஆண்டுகளுக்கு முன்பே பதிவானதாக இருக்கலாம். "நேற்று வீடியோவில் சொன்னீர்களே" என்றால் அவருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. நீங்கள் நேற்று பார்த்தீர்கள், அவ்வளவுதான். வார எண், லெக்சர் எண், நிமிடம், நொடி என நான்கையும் கொடுத்தால் நேரே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிடுவார்.

எந்தக் கதவைத் தட்டுவது

பதில் வராத கேள்விகளில் பல, தவறான இடத்துக்குப் போனவை. பாடம் சார்ந்த சந்தேகத்தைப் பாடப் பக்கத்தில் உள்ள கலந்துரையாடல் பகுதியில் கேளுங்கள். அந்த வீடியோ யூடியூபிலும் இருக்கும். அதன் கீழே கருத்தாக எழுதினால் பாடக்குழு அதைப் பார்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தேர்வுப் பதிவு, ஹால் டிக்கெட், சான்றிதழில் பெயர் பற்றியவை என்பிடெல் அலுவலகத்துக்குரியவை. பேராசிரியரால் இவற்றில் எதுவும் செய்ய முடியாது. பெயரைப் பொறுத்தவரை நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா, விரித்து எழுத வேண்டுமா? தேர்வுப் படிவத்தில் நீங்கள் அடித்த பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே அடித்துவிட்டால் பின்னால் யாருக்கும் எழுத வேண்டியிருக்காது.

இந்தப் பாடத்துக்கு என் கல்லூரியில் கிரெடிட் உண்டா, எலெக்டிவுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்களா என்பது மூன்றாவது வகை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான் முடிவு செய்யும். கல்லூரியில் என்பிடெல் பொறுப்பைப் பார்க்கும் ஆசிரியரை ஸ்பாக் என்பார்கள். அவரிடமோ துறைத் தலைவரிடமோ கேளுங்கள். பருவம் தொடங்கும் முன்பே கேளுங்கள். தேர்வு எழுதி முடித்த பிறகு கேட்டு ஏமாந்துபோவதை நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

எந்தக் கதவானாலும், பாடத்தில் சேர்ந்த அதே மெயில் முகவரியிலிருந்து எழுதுங்கள். தேர்வுக்குப் பதிவு செய்வதும் அதே முகவரியில்தான் இருக்க வேண்டும். முகவரி மாறினால் உங்கள் அசைன்மென்ட் மதிப்பெண்ணையும் உங்களையும் இணைத்துப் பார்க்க வழியில்லை.

புதன்கிழமைக் கணக்கு

வார அசைன்மென்ட்டுகளின் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59. செவ்வாய் இரவிலும் புதன் மாலையிலும் கேள்விகள் குவியும். அப்போது கேட்பதற்குப் பதில் வியாழன் வந்தால் அது டிஏவின் குற்றமில்லை.

பதிலுக்கு இரண்டு வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலைப் படித்து மறுபடி போட்டுப்பார்க்க ஒரு நாள் வேண்டும். இடையில் ஞாயிறு வருகிறது. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் கேள்வி போயிருக்க வேண்டும், சனி கடைசி. வியாழன் அன்று ஒரு முறை அசைன்மென்ட்டைத் திறந்து எல்லாக் கேள்விகளையும் படித்துவிடுங்கள். விடை போட வேண்டாம், எங்கே சிக்கும் என்று மட்டும் பாருங்கள். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சமர்ப்பித்ததுதான் மதிப்பிடப்படும். அதனால் தெரிந்ததை முதலிலேயே சமர்ப்பித்துவிட்டு, தெரியாத ஒன்றிரண்டுக்குப் பதில் வரும்வரை காத்திருப்பதில் நட்டமில்லை.

கேள்வியைக் கட்டுவது

கேள்விக்கு நான்கு உறுப்புகள் வேண்டும்: எங்கே என்ற அடையாளம், நீங்கள் செய்தது, உங்களுக்கு வந்ததும் வர வேண்டியதும், கடைசியாக ஒரே ஒரு கேள்வி. மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இரண்டாவதை. ஆசிரியருக்கு மிகவும் தேவைப்படுவதும் அதுதான், ஏனென்றால் தவறு ஒளிந்திருப்பது அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு. பீம் எனும் உத்தரத்தை அதன் மேல் உள்ள லோடு எவ்வளவு வளைக்க முயல்கிறது (பென்டிங் மொமென்ட்) என்று கேட்கும் ஒரு பொறியியல் கணக்கு. கெடு முடிந்து விடையும் வெளியாகிவிட்டது. அதைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"சார், 6ஆவது கணக்கில் எனக்கு 18 வருகிறது. விடை 16 என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து விளக்கவும். மிகவும் அவசரம்."

எந்த வாரம் என்று தெரியவில்லை. 18 எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. அவசரம் என்பது மட்டும் தெரிகிறது. இதையே இப்படி எழுதலாம்:

"தலைப்பு: வாரம் 3, கணக்கு 6, பென்டிங் மொமென்ட் 18 வருவது ஏன்?

வணக்கம். 6 மீட்டர் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம். இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் பாயின்ட் லோடு. அதிகபட்ச பென்டிங் மொமென்ட் கேட்கப்பட்டுள்ளது.

நான் செய்தது: லோடு × நீளம் ÷ 4, அதாவது 12 × 6 ÷ 4 = 18 கிலோநியூட்டன் மீட்டர். வெளியான விடை 16.

இந்தச் சூத்திரம் லெக்சர் 11இல் 14:20க்கு வருகிறது. இந்தக் கணக்குக்கு அது ஏன் பொருந்தவில்லை?"

இதைப் படிக்கிறவருக்கு அரை நிமிடம் போதும். நான்கால் வகுக்கும் சூத்திரம் லோடு நட்டநடுவில் இருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கே லோடு இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இடது தாங்குமுனையின் எதிர்விசை 12 × 4 ÷ 6 = 8 கிலோநியூட்டன். லோடுக்குக் கீழே மொமென்ட் 8 × 2 = 16. முதல் வடிவத்தில் கேட்டிருந்தால் டிஏ முழுக் கணக்கையும் போட்டுக் காட்டியிருப்பார். 18 ஏன் தவறு என்பது அப்போதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்படி எழுதும்போது பாதிக் கேள்விகள் அனுப்பும் முன்பே தீர்ந்துவிடும். "நான் செய்தது" என்று வரிவரியாக எழுதும்போது, லோடு நடுவில் இல்லையே என்பது உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும்.

தலைப்பு வரிக்கு ஒரு வார்த்தை. "டவுட்", "ஹெல்ப்", "வீக் 3" என்று மட்டும் போட்டால் அதே போன்ற நாற்பது தலைப்புகளுக்கு நடுவில் உங்களுடையது மறைந்துபோகும். வாரம், கணக்கு எண், சிக்கலின் பெயர் மூன்றும் இருந்தால், அதே சிக்கலில் மாட்டிக்கொண்ட வேறொருவரும் தேடிக் கண்டுபிடிப்பார். நீங்களும் கேட்பதற்கு முன் அப்படித் தேடிப் பாருங்கள். பதில் ஏற்கெனவே அங்கே இருக்கலாம்.

ஒரு பதிவில் ஒரு கேள்வி. ஐந்தைக் கோத்து அனுப்பினால் எளிதான இரண்டுக்குப் பதில் வரும், உங்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட மூன்றாவது அப்படியே நின்றுவிடும்.

கெடு முடியாத கணக்கைப் பற்றிக் கேட்கும்போது

மதிப்பெண்ணுக்குரிய கணக்கின் விடையையோ முழு வழிமுறையையோ கெடுவுக்கு முன் பொதுவில் போடுவது நன்னடத்தை விதிக்கு எதிரானது, பதிவை நீக்கிவிடக்கூடும். அப்படியானால் எப்படிக் கேட்பது? எண்களையும் அமைப்பையும் மாற்றி நீங்களே ஒரு இணைக்கணக்கு செய்யுங்கள். "8 மீட்டர் பீமில் 3 மீட்டரில் லோடு இருந்தால் நடுலோடு சூத்திரத்தைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்டால் கருத்து தெளிவாகும், விடையும் வெளிப்படாது.

புரோகிராமிங் பாடங்களில் இது இன்னும் நுட்பமானது. அங்கே வெளிப்படையான சோதனை உள்ளீடுகளும் மறைவான சோதனை உள்ளீடுகளும் உண்டு. "என் லேப்டாப்பில் ஓடுகிறது, இங்கே ஓடவில்லை" என்பது எதையும் சொல்வதில்லை. எந்த மொழி, எந்த உள்ளீடு, எதிர்பார்த்த வெளியீடு, வந்த வெளியீடு, பிழைச் செய்தியின் முழு வாசகம் இவற்றை எழுதுங்கள். கேட்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: வரியின் கடைசியில் ஒரு கூடுதல் இடைவெளி, அல்லது "எண்ணைக் கொடுக்கவும்" என்று நீங்களாக அச்சிட்ட ஒரு வரி. தானியங்கி மதிப்பீடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது இந்தச் சின்ன விஷயமே விடையைத் தவறாக்கிவிடும்.

பிழைச் செய்தியை நகலெடுத்து எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்துக்குள் இருப்பதை யாராலும் தேடவோ நகலெடுத்து ஓட்டிப் பார்க்கவோ முடியாது. படம்தான் வேண்டும் என்றால் கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடிக்காதீர்கள். கோடு கோடாக விழும். விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். கைக்கணக்கைப் படமெடுப்பதாக இருந்தால் நேரான வெளிச்சத்தில், ஒரு பக்கம் மட்டும், தவறு என்று நீங்கள் சந்தேகிக்கும் வரியை வட்டமிட்டு அனுப்புங்கள்.

விடைக்குறிப்பு தவறு என்று தோன்றினால்

தவறுகள் நேர்வதுண்டு. பாடக்குழு ஒப்புக்கொண்டு, கேள்வியை நீக்குவதும் மறுமதிப்பீடு செய்வதும் நடக்கிறது. அதற்குத் தேவை ஆதாரம். எண்ணிக்கையால் ஆவதில்லை. "எனக்கும் அதே விடைதான்" என்று ஐம்பது பேர் எழுதினாலும் ஐம்பது பேரும் ஒரே சூத்திரத்தைத் தவறாகப் போட்டிருக்கலாம்.

முதலில் எண் விடைகளில் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் கேட்டார்கள், எந்த அலகு கேட்டார்கள் என்று பாருங்கள். இடையிலேயே முழுமையாக்கினால் கடைசி இலக்கம் மாறும். "எது சரியல்ல" என்று கேட்டிருந்ததைச் "சரி" என்று படித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் வழிமுறையையும் அதற்கு ஆதாரமான லெக்சர் நிமிடத்தையும் கொடுத்து, "இந்த வரியில் நான் எங்கே தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா? இல்லையென்றால் விடைக்குறிப்பை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். தவறு உங்களுடையதாக இருந்தாலும் குறிப்பினுடையதாக இருந்தாலும் இந்த வாக்கியம் நிற்கும். "எங்கள் மதிப்பெண்ணோடு விளையாடாதீர்கள்" என்று தொடங்கினால், நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் படிப்பவர் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

மொழியும் அழைப்பும்

தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பலர் ஆங்கிலத்துக்குப் பயந்தே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. டிஏக்களும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். இலக்கணப் பிழைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. மேலே காட்டிய நான்கு உறுப்புகளையும் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் சிறு சிறு ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். எண்ணும் சூத்திரமும் பாதி வேலையைச் செய்துவிடும்.

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஸ்டடியிங்..." என்று கல்லூரி, துறை, ஆண்டு, ஊர் எல்லாம் சொல்லி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது விடுப்புக் கடிதப் பழக்கம். பாடக் கேள்விக்கு அது வேண்டாம். அதைப் போலவே "டூ த நீட்ஃபுல்". தேவையானதைச் செய்யுங்கள் என்றால், எது தேவை என்பதை அவரே ஊகிக்க வேண்டும். "சூத்திரம் பொருந்துமா என்று சொல்லுங்கள்" என்று நேராகக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

அழைக்கும்போது "டியர் சார்" என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். பல பாடங்களை நடத்துபவர்கள் பெண்கள். பெயர் தெரிந்தால் "புரொஃபசர்" என்பதோடு பெயர். பதில் எழுதுவது யார் என்று தெரியாவிட்டால் "டியர் கோர்ஸ் டீம்" போதும். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதி வாங்குவதாக இருந்தால் பிழை திருத்த மட்டும் சொல்லுங்கள். முழுவதையும் எழுதச் சொன்னால் நான்கு வரிக் கேள்வி நான்கு பத்தியாகிவிடும், நீங்கள் எங்கே சிக்கினீர்கள் என்பது அதற்குள் காணாமல் போய்விடும்.

கெடு நீட்டிப்பு

என்பிடெல்லில் தனிப்பட்ட நீட்டிப்பு கேட்டுப் பயனில்லை. அதற்கான இடம் மதிப்பெண் முறையிலேயே இருக்கிறது: 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 அசைன்மென்ட்டுகளின் சராசரிதான் 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வரும், மீதி 75 தேர்வுக்கு. காய்ச்சலால் ஒரு வாரம் விட்டுப்போனால் பதறி மெயில் எழுதுவதைவிட அடுத்த வாரத்தை ஒழுங்காகச் செய்வது மேல். ஆனால் சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 தனித்தனியே வேண்டும். அந்த 10ஐ மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கல்லூரியே கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் போன்ற தளங்களில் நடத்தும் பாடம் வேறு கதை. அங்கே நீட்டிப்பு ஆசிரியர் கையில் இருக்கிறது. கெடுவுக்கு முன்பே எழுதுங்கள். காரணம் ஒரு வரியில் இருக்கட்டும். "எப்போது முடியுமோ" என்று விடாமல் தேதியும் நேரமும் சொல்லுங்கள், அதுவரை முடித்த பகுதியை இணையுங்கள். பாதி முடிந்த வேலை கண்ணெதிரே இருந்தால் ஆசிரியரால் துணிந்து சம்மதிக்க முடியும்.

நேரலையில்

பேராசிரியர்கள் சில பாடங்களில் நேரலை அமர்வு வைப்பார்கள். பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை பெறும் ஆய்வாளர்கள் பல பாடங்களுக்கு வாரந்தோறும் கணக்குத் தீர்க்கும் வகுப்பு எடுக்கிறார்கள். எழுத்தில் கேட்கச் சிரமமான கேள்விகளுக்கு இதுவே நல்ல இடம், ஏனென்றால் திருப்பிக் கேட்டாலும் இங்கே நாள் வீணாகாது. கேள்வியை முன்பே ஒரு வரியாக எழுதி வைத்துக்கொண்டு, அமர்வு தொடங்கியதும் சாட்டில் போட்டுவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் நேரம் இருக்காது. பின்னணியில் குக்கர் விசிலும் பேருந்து ஹாரனும் கேட்கிற இடமாக இருந்தால் மைக்கைத் திறக்காமல் சாட்டிலேயே கேட்பது நல்லது.

காத்திருப்பதும் பதில் எழுதுவதும்

மூன்று வேலை நாள் ஆகியும் பதில் இல்லையென்றால், அதே பதிவின் கீழே எழுதுங்கள். புதிதாகத் தொடங்கினால் முன்பு சொன்னதெல்லாம் அறுந்துபோகும். வெறும் நினைவூட்டலாக இல்லாமல் இடையில் நீங்கள் கண்டதையும் சேருங்கள்: "இதற்கிடையில் எதிர்விசையைக் கணக்கிட்டேன், இடது 8, வலது 4 வருகிறது. அதற்கு மேல் போகத் தெரியவில்லை." கேள்வி சிறுத்துவிட்டதால் பதில் எழுதுவதும் எளிதாகிவிடும். பேராசிரியரின் கைபேசி எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

பதில் வந்ததும் போட்டுப் பாருங்கள். சரியாக வந்தால் "16 வந்துவிட்டது, லோடு நடுவில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை, நன்றி" என்று அங்கேயே எழுதுங்கள். தன் விளக்கம் போய்ச் சேர்ந்ததா என்று டிஏவுக்கு வேறு வழியில் தெரியாது. புரியவில்லை என்றால் "புரிந்தது" என்று சொல்லி நழுவிவிடாதீர்கள். விளக்கத்தின் எந்த வரிவரை புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டது என்று குறிப்பிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.